கடைசியாகத் தட்டியது யார்?

மலைச்சரிவுக் காட்டில் ஒரு மரங்கொத்தி இருந்தான். தலையில் சிவப்பாக ஒரு கொண்டை. அதனால் எல்லோரும் அவனைக் கொண்டையன் என்று கூப்பிட்டார்கள்.

கொண்டையனுக்குப் பாட வராது. பேச்சும் கம்மி. காலையில் எழுந்ததும் ஏதாவது ஒரு மரத்தில் 'டொக் டொக் டொக்' என்று தட்டுவான். நான் இங்கே இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். பிறகு பட்டையைக் கொத்தி, உள்ளே நெளியும் துளைப்புழுவை இழுத்துத் தின்பான். தட்டுவதும் தின்பதும்தான் அவன் பிழைப்பு. யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மரம் விழுந்தால் எல்லா உயிர்களும் வந்து அதைச் சுற்றி உட்காரும். மரக்கேதம் என்று அதற்குப் பெயர். அந்த மரத்தின் நிழலில் படுத்தவர்கள், பழம் தின்றவர்கள், கூடு கட்டியவர்கள் எல்லோரும் அழுவார்கள். அழுது ஓய்ந்ததும் கூட்டத்தில் பெரியவர் ஒரு கேள்வி கேட்பார்.

"இந்த மரத்துகிட்டக் கடைசியா வந்தது யாரு?"

ஆரம்பத்தில் இது அன்பான கேள்விதான். கடைசியாக வந்தவர் எழுந்து, மரம் பூத்திருந்ததா, காய்த்திருந்ததா என்று நாலு வார்த்தை சொல்வார். கேட்டவர்களுக்கு மனசு கொஞ்சம் ஆறும். ஆனால் துக்கத்தில் இருப்பவர்கள் கேட்கிற கேள்வி எப்போது விசாரணையாக மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு காற்றுக் காலத்தில் ஓடைக்கரை நாவல் மரம் விழுந்தது. கேதம் கூடியது. கருமந்திக் கூட்டத்தின் தலைவர் கரியர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நானுங்க!" என்றான் கொண்டையன். "வந்து தட்டுனேனுங்க. நல்ல நல்ல புழுவா இருந்துதுங்க."

சரி என்று எல்லோரும் எழுந்து போனார்கள்.

கொஞ்ச நாளில் இலவ மரம் விழுந்தது. "நானுங்க," என்றான் கொண்டையன் மறுபடியும். இந்தத் தடவை சில கழுத்துகள் அவன் பக்கம் திரும்பின.

அடுத்து விழுந்தது வேங்கை. அதன் உச்சியில் செவத்தி என்கிற மலையணில் கூடு கட்டியிருந்தாள். மரம் சாய்ந்தபோது அவளுடைய குட்டி ஒன்று கிளைக்கடியில் சிக்கிச் செத்துப்போனது. செவத்தி அழுத அழுகையில் ஓடைத் தவளைகள்கூட வாயை மூடிக்கொண்டன.

"கடைசியா வந்தது யாரு?" என்று கரியர் கேட்டார். இப்போது அந்தக் கேள்வியில் அன்பு துளியும் இல்லை.

கொண்டையன் பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது தெரியாது.

"நானுங்க," என்றான்.

"நாவல்லயும் நீதான்! இலவுலயும் நீதான்! வேங்கையிலயும் நீதானா!"

"ஆமாங்க. ஆனா..."

"என்ன ஆனா? இவன் தட்டுறான், மரம் விழுது! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"ஆமா! ஆமா!" என்றது கூட்டம்.

விழுந்த மரத்தில் எல்லாம் கொண்டையன் தட்டியிருந்தான். அது உண்மை. அதிலிருந்து, கொண்டையன் தட்டிய மரமெல்லாம் விழும் என்று கூட்டம் முடிவு கட்டியது. இரண்டும் ஒரே பேச்சுப் போலக் காதில் விழும். இரண்டும் வேறு வேறு. நிதானமாக யோசித்தால் ஒரு குருவிக் குஞ்சுக்கும் அது விளங்கும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நிதானம் யாரிடம் இருந்தது?

செவத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். "எங் குட்டி உனக்கு என்ன பண்ணுச்சு கொண்டையா?" என்று மட்டும் கேட்டாள்.

கொண்டையன் தன் அலகை இறகுக்குள் புதைத்துக்கொண்டான்.

காட்டை விட்டுப் போ என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அதைவிட மோசமாக, எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அவன் ஒரு மரத்தில் வந்து ஒட்டினால், "இங்க வேண்டாங்க கொண்டையன், குழந்தைங்க இருக்குது," என்று மேலிருந்து ஒரு குரல் வரும். தலையை ஆட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவான். அங்கேயும் குழந்தைகள் இருந்தார்கள். குழந்தைகள் இல்லாத மரமே காட்டில் இல்லாமல் போய்விட்டது.

பிறகுதான் நடக்கக் கூடாதது நடந்தது. கொண்டையனே அதை நம்ப ஆரம்பித்தான்.

ஓடைத் தண்ணீரில் தன் அலகைப் பார்ப்பான். கூர்மையாக, நீளமாக இருக்கும். இதனால்தானே அந்தக் குட்டி செத்தது என்று நினைப்பான். இதைச் சொல்லும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது. ஊரே சேர்ந்து பழி சொன்னாலும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். அந்தப் பழியை நாமே நம்பிவிட்டால் எந்த வீட்டுக்குப் போவது?

கொண்டையன் காட்டை விட்டு மேலே ஏறிப் போனான். அங்கே மரம் கிடையாது. மொட்டைப் பாறைதான். பாறை இடுக்கில் தூங்கினான். தரையில் ஊர்ந்த எறும்புகளைத் தின்றான். மரங்கொத்திக்கு மரத்தில் செங்குத்தாக ஒட்டி உட்கார்ந்துதான் பழக்கம். பாறையில் எப்படி உட்காருவது என்று அவனுக்குத் தெரியவில்லை. சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக் கடைசியில் நின்றுகொண்டே இருந்தான்.

காலையில் விழிப்பு வந்ததும் பழக்க தோஷத்தில் தலை தானாகப் பின்னால் போகும். சட்டென்று நிறுத்திக்கொள்வான். தட்டக் கூடாது! தட்டாவிட்டால் அவன் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் அவனும் இருந்தான். சாயங்காலம் கீழே காட்டில் பறவைகள் கூடு திரும்பும் இரைச்சல் கேட்கும். யார் யார் வந்துவிட்டார்கள் என்று குரலை வைத்துச் சொல்லிப் பார்ப்பான். அந்த இரைச்சலில் ஒரு குரல் குறைகிறது என்று அவனைத் தவிர யாருக்கும் தோன்றவில்லை.

வெயில் காலம் வந்தது. பாறை கொதித்தது. காட்டின் மேல் விளிம்பில் ஓர் அயனி மரம் தனியாக நின்றது. கொண்டையன் ஒரு மதியம் அதன் வேரில் வந்து உட்கார்ந்தான். அடிமரத்தில் அலகு படாமல், முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நிழலுக்காக மட்டும் உட்கார்ந்தான்.

"யாரது?" என்றது மரத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

கொண்டையன் பதறிப்போனான். "யாருமில்லீங்க!"

"யாருமில்லைன்னு வாயத் தொறந்து சொல்றது யாரு?"

கொண்டையன் அண்ணாந்து பார்த்தான். மரத்தின் பொந்து மண்ணால் பூசி அடைக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு சின்ன இடுக்கு. அதன் வழியாக ஒரு பெரிய மஞ்சள் அலகின் நுனி தெரிந்தது.

"நான் குன்றி. இருவாச்சிப் பறவை. முட்டை வைக்க உள்ள வந்து வாசலைப் பூசிக்கிட்டேன். எங்க வழக்கம் அது. பறக்கற இறகெல்லாம் உதிர்த்தாச்சு. அது மறுபடி மொளைச்சு, குஞ்சும் வளர்ற வரைக்கும் வெளிய வர முடியாது. நீ யாரு?"

"கொண்டையனுங்க. இருங்க, நான் போயிடறேன்! நான் தொட்டா மரம் விழுந்துரும்ங்க!"

"இப்ப எதுமேல உக்காந்திருக்கே?"

"வேருமேலங்க."

"மரம் நின்னுக்கிட்டுத்தானே இருக்குது? உக்காரு. எங்க வீட்டுக்காரர் மலையன் வருவாரு, இடுக்குல அத்திப்பழத்தைக் குடுப்பாரு, அடுத்த பழம் தேடிப் பறந்துருவாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்லை, பொழுதுக்கும் அலையறாரு. பேச ஆளில்லாம எனக்கு நாக்கே மரத்துப்போச்சு!"

கொண்டையன் உட்கார்ந்தான். அவனும் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. முதலில் குரலே சரியாக வரவில்லை.

அதன்பிறகு தினமும் மதியம் வந்தான். மூன்று மரங்கள் விழுந்த கதையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். குன்றிக்கு இடுக்கு வழியாக ஒரே ஒரு கிளைதான் தெரியும். "இன்னைக்கு வானம் எப்படி இருக்குது?" என்று கேட்பாள். கொண்டையன் அண்ணாந்து பார்த்துச் சொல்வான். "வெளுத்துக் கெடக்குதுங்க. மேக்கால ஒரு துண்டு மேகம்." "என்ன மாதிரி மேகம்?" "சும்மா, ஒண்ணுக்கும் ஆகாத மேகமுங்க." குன்றி உள்ளே சிரிப்பாள். சிரித்தால் மரம் லேசாக அதிரும். அந்த அதிர்வு வேர் வழியாக அவன் காலுக்கு வரும்.

அந்தக் கால்களுக்கு வேறொன்றும் தெரிந்தது. அதை அவன் சொல்லவில்லை.

ஒரு நாள் குன்றியே சொன்னாள். "கொண்டையா, மரத்துக்குள்ள ஒரு சத்தம் கேக்குது. 'கர்ரக் கர்ரக்'குன்னு."

"தெரியுங்க அக்கா. துளைப்புழு. வேருல உக்காந்தா காலுக்குத் தெரியுது."

"எப்ப இருந்து தெரியும்?"

"வந்த அன்னைக்கே."

"ஏண்டா சொல்லல?"

கொண்டையன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் வந்ததாலதான் புழுவும் வந்துருச்சோன்னு பயமுங்க."

குன்றி கோபமாகப் பேசினாள். "நீ வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தச் சத்தம் எனக்குக் கேட்டாச்சு! இன்னொண்ணும் சொல்றேன், கேளு. போன தடவை நான் குஞ்சு பொரிச்சது ஓடைக்கரை நாவல்ல. அதுலயும் இப்படித்தான். முதல்ல புழு கடிக்கிற சத்தம். ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஒருத்தன் வந்து 'டொக் டொக்'குன்னு தட்டுனான். அது நீதானே? நீ தட்டுன பக்கம் கடிக்கிற சத்தம் நின்னுபோச்சு. அன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்குனேன். இன்னொரு பக்கத்துப் புழுவை நீ எட்டல. நாங்க வெளிய வந்து பறந்து போன பின்னால மரம் விழுந்திருக்குது."

"இதை அந்தக் கேதத்துல சொல்லியிருக்கலாமேக்கா!" என்றான் கொண்டையன்.

"காத்துக் காலத்துல நாங்க பழம் தேடி தூரக் காட்டுக்குப் போயிருவோம். கேதத்துக்கு நான் வந்ததே இல்ல. யாரும் என்னைக் கேக்கவும் இல்ல. தப்புத்தான்." குன்றி பெருமூச்சு விட்டாள். "புழு இருக்கற மரத்துக்கு நீ சாப்பிட வர்றே. புழு இருக்கற மரம் காத்துக்கு விழுது. ரெண்டுக்கும் காரணம் புழு. பார்க்கறவங்க கண்ணுக்குப் புழு தெரியல, சிவப்புக் கொண்டை போட்ட நீதான் தெரிஞ்சே!"

கொண்டையனுக்கு அழுகை வந்தது. இருந்தாலும் மனசு முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. "விழுந்த மரத்துல எல்லாம் நான்தானுங்களே தட்டியிருந்தேன்," என்றான்.

"விழாத மரத்துல?"

"என்னங்க?"

"நீ தட்டியும் விழாத மரம் இல்லையா? பொறந்ததுல இருந்து மூணே மரத்துலயா சாப்பிட்டே?"

அப்படி ஒரு கேள்வியைக் கொண்டையன் தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. நின்றுகொண்டிருக்கும் மரத்துக்கு யார் கேதம் வைக்கிறார்கள்? கடைசியாக வந்தது யார் என்று அங்கே யார் கேட்கிறார்கள்?

"போய்ப் பார்த்துட்டு வா," என்றாள் குன்றி.

மறுநாள் கொண்டையன் காட்டுக்குள் இறங்கினான். யார் கண்ணிலும் படாமல் இலை மறைவில் பறந்தான். முதலில் பலா. அதில் அவன் கொத்திய பொத்தல் இருந்தது. பட்டை வளர்ந்து பாதி மூடியிருந்தது. மரம் காயும் கனியுமாக நின்றது. அடுத்து மருதம். அதிலும் பொத்தல். அதுவும் நின்றது. ஒரு பழைய பொத்தலில் குக்குறுவான் பறவைக் குடும்பம் ஒன்று குடியேறியிருந்தது. பார்க்கப் பார்க்க ஒவ்வொரு சாப்பாடும் அவனுக்கு நினைவு வந்தது. எத்தனை மரங்கள்! எல்லாம் அவன் தட்டியவை. எல்லாம் நிற்கின்றன. அவனே அவற்றை மறந்துபோயிருந்தான்.

காட்டின் நடுவில் அழுகைச் சத்தம் கேட்டது. ஒரு தான்றி மரம் விழுந்து கிடந்தது. கேதம் நடந்துகொண்டிருந்தது. கொண்டையன் பக்கத்து மரத்து இலைக்குள் பதுங்கினான்.

"கொண்டையன் இந்த மரத்துல தட்டுனானா?" என்று கரியர் கேட்டார். கேள்வியே இப்போது மாறிப்போயிருந்தது!

"அவன் போயே ரொம்ப நாளாச்சுங்களே!" என்றது ஒரு மைனா. "இதுல அவன் எப்பவுமே தட்டுனதில்லீங்க. நான் இங்கயே குடியிருந்தவ."

கரியர் தாடையைத் தடவினார். "போறப்ப இந்தப் பக்கமாத்தானே பறந்து போனான்?"

"ஆமாங்க..."

"அப்ப ஒரு பார்வை பார்த்திருப்பான்! அவ்வளவுதான்!"

கூட்டம் தலையை ஆட்டியது. தட்டினால் விழும் என்றார்கள். தட்டாததும் விழுந்தது. உடனே, பார்த்தாலே விழும் என்றார்கள். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்வதைவிட ஒரு பறவையின் கண்ணில் விஷத்தை வைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

செவத்தி மட்டும் தலையை ஆட்டவில்லை. அவள் உடைந்த அடிமரத்துக்குள் கையை விட்டாள். மாவு மாவாக மரத்தூள் வந்தது. அதில் கொழுத்த புழுக்கள் நெளிந்தன. அவள் மரத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். எங்கேயும் ஒரு கொத்தின் தடம் இல்லை. அண்ணாந்து பார்த்தாள். இலைகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு கொண்டை தெரிந்தது.

இருவர் கண்களும் சந்தித்துக்கொண்டன. செவத்தி கத்தவில்லை. காட்டிக்கொடுக்கவும் இல்லை. கையில் இருந்த மரத்தூளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொண்டையன் சத்தமில்லாமல் பறந்து போனான்.

அயனி மரத்துக்கு அவன் திரும்பியபோது மேற்கே மேகம் கறுத்திருந்தது. தென்மேற்குக் காற்றின் முதல் வீச்சில் கிளைகள் ஆடின. மரத்துக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. மரம்தான் முனகியது.

"வானம் எப்படி இருக்குது?" என்று கேட்டாள் குன்றி.

"இன்னைக்கு ஆகற மேகமுங்க அக்கா." கொண்டையன் முதல்முறையாக அடிமரத்தில் ஒட்டி உட்கார்ந்தான். "நின்ன மரமெல்லாம் பார்த்துட்டேன். தட்டறேன். ஆனா... நான் நெனைக்கறது தப்பா இருந்துட்டா?"

"எம் பையன் என் பக்கத்துல தூங்கறான். இன்னும் அவனுக்கு இறகு முழுசா வரல. தப்பா இருந்தா நாங்க ரெண்டு பேரும் போவோம். நீ தட்டாமப் போனாலும் போவோம். தட்டு கண்ணு."

கொண்டையன் தலையைப் பின்னால் இழுத்தான்.

"அடேய்!"

அத்திப்பழங்கள் சிதறி விழுந்தன. மலையன் பெரிய சிறகுகளை அடித்துக்கொண்டு பாய்ந்து வந்தான். அலகால் கொண்டையனை இடித்துக் கீழே தள்ளினான். "மரங்கொத்தி! மரங்கொத்தி! எங் குடும்பத்தையே கொல்லப் பார்க்கறான்!" என்று காடே அதிரக் கத்தினான்.

கேட்க வேண்டுமா! காடே திரண்டு வந்தது. கரியர் முன்னால் வந்தார். தரையில் விழுந்து கிடந்த கொண்டையனைச் சுற்றிக் கருமந்திகள் நின்றன.

"அவனை விடுங்க!" என்று மரத்துக்குள்ளிருந்து குன்றி கத்தினாள். "நான்தான் தட்டச் சொன்னேன்! மரத்துக்குள்ள புழு இருக்குது!"

"உள்ளயே அடைஞ்சு கெடக்கறவளுக்கு என்ன தெரியும்?" என்றார் கரியர்.

"உள்ள இருக்கறதாலதான் தெரியுது கரியரே! நீங்க மரம் விழுந்ததுக்கப்புறம் வர்றீங்க. நான் மரத்துக்குள்ளயே இருக்கேன்!"

"குன்றி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" மலையன் அழுதான். "செவத்தி குட்டி செத்தது மறந்துபோச்சா?"

எல்லோரும் செவத்தியைப் பார்த்தார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கொண்டையன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் என்ன சொன்னாலும் அதை ஏற்றுக்கொள்வது என்று அவன் முடிவு செய்திருந்தான்.

"தட்டட்டும்," என்றாள் செவத்தி.

"என்னது!" என்றார் கரியர்.

"என் வேங்கை விழுந்தப்ப, கடைசியா வந்தது யாருன்னு நீங்க கேட்டீங்க. நானும் அதோட நின்னுட்டேன். முதல்ல வந்தது யாருன்னு ஒருத்தரும் கேக்கல. இன்னைக்கு அந்தத் தான்றியில கையை விட்டுப் பார்த்தேன். கொத்துன தடம் ஒண்ணுகூட இல்ல. உள்ள பூராவும் புழு. என் வேங்கையிலயும் புழுதான் முதல்ல வந்திருக்கணும்." அவள் அயனியின் அடிமரத்தில் கையை வைத்தாள். "இவன் மேல பழி போட்டா எங் குட்டி திரும்பி வரும்னா போடலாம். வரல. இன்னொரு அம்மாவோட குட்டி உள்ள இருக்குது. தட்டட்டும் விடுங்க."

காற்று மறுபடி வீசியது. அயனி மரம் எல்லோருக்கும் கேட்கும்படி முனகியது. மலையன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். மெல்ல விலகி வழி விட்டான்.

கொண்டையன் எழுந்தான். மரத்தில் ஒட்டினான். காலால் தடவி, எங்கே புழு இருக்கிறது என்று கண்டுகொண்டான். பிறகு தட்டினான்.

டொக்.

மரம் விழவில்லை. டொக் டொக். பட்டை தெறித்தது. ஒரு கொழுத்த புழுவை இழுத்துக் கீழே போட்டான். அடுத்தது. அதற்கடுத்தது. பொழுது சாயும் வரை தட்டினான். மறுநாளும் தட்டினான். அதற்கு மறுநாளும் வந்தான். உள்ளேயிருந்து குன்றி வழி சொன்னாள். "இந்தப் பக்கம் நின்னுருச்சு! கொஞ்சம் மேல கேக்குது! இன்னும் மேல!" முதலில் மலையன் முறைத்துக்கொண்டே காவல் இருந்தான். பிறகு குன்றிக்குக் கொண்டுவரும் பழத்தில் ஒன்றைக் கொண்டையன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். கொண்டையனுக்கு அத்திப்பழம் அவ்வளவாகப் பிடிக்காது. இருந்தாலும் தின்றான்.

பெருங்காற்று ஒரு மத்தியானம் வந்தது. மலையே புரண்டு வருவதுபோல இரைந்தது. அயனியின் ஒரு பெரிய கிளை ஒடிந்து விழுந்தது. அடிமரம் வளைந்தது, கிறீச்சிட்டது, நிமிர்ந்தது. கொண்டையன் அதில் ஒட்டிக்கொண்டே இருந்தான். விழுந்தால் சேர்ந்து விழுவது என்று இருந்தான். மரம் விழவில்லை.

காற்று ஓய்ந்து சில நாள் கழித்துக் குன்றி வாசல் மண்ணை அலகால் இடித்து உடைத்தாள். புது இறகோடு வெளியே வந்தாள். பின்னாலேயே அவளுடைய பையன் தட்டுத்தடுமாறி எட்டிப் பார்த்தான். குன்றி அண்ணாந்து வெகுநேரம் வானத்தைப் பார்த்தாள். "நீ சொன்ன மாதிரியேதான் இருக்குது," என்றாள் கொண்டையனிடம்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கரியர் இருக்கிறாரே!

"பார்த்தீங்களா! கொண்டையன் தட்டுனான், மரம் விழல! அப்ப அவன் தட்டுனா எந்த மரமும் விழாது! கொண்டையா, நாளையில இருந்து ஒரு மரம் விடாமத் தட்டு! முதல்ல என் மரம்!"

"ஆமா! ஆமா!" என்றது கூட்டம். அதே குரல்கள்தான்.

"அப்படியும் இல்லீங்க," என்றான் கொண்டையன். "புழு இருந்தாத் தட்டுவேன். உங்க மரத்துல புழு இல்லீங்க. எனக்கு எட்டாத ஆழத்துல புழு இருந்தா, நான் தட்டுனாலும் மரம் விழும். நான் சாப்பிட வர்றவன். அவ்வளவுதானுங்க."

கரியருக்கு அது பிடிக்கவில்லை. கெட்டவன் இல்லையென்றால் சாமியாக இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

அவன் சொன்னது சீக்கிரமே நடந்தது. பள்ளத்தில் நின்ற ஒரு கிழட்டு மருதம் விழுந்தது. கேதம் கூடியது. எல்லோரும் அழுது ஓய்ந்தார்கள். கரியர் வழக்கப்படி வாயைத் திறந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று தடுமாறி, பழக்கம் விடாமல் கேட்டுவிட்டார்.

"கடைசியா வந்தது யாரு?"

எல்லோரும் கொண்டையன் பக்கம் திரும்பினார்கள். பாறையும் வெயிலும் அந்த நீளமான காலைகளும் அவன் நினைவுக்கு வந்தன.

"நானுங்க," என்றான்.

யாரும் விலகிப் போகவில்லை. செவத்தி எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொல்லு கொண்டையா," என்றாள். "மரம் எப்படி இருந்துச்சு?"

கொண்டையன் விழுந்து கிடந்த கிளைகளைப் பார்த்தான். "பூத்திருந்துதுங்க," என்றான். "உச்சியில மட்டும் கொஞ்சம் பூத்திருந்துதுங்க." பிறகு எல்லோரும் எழுந்து போய், உடைந்த அடிமரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள்.

கொண்டையன் இப்போதும் அந்தக் காட்டில்தான் இருக்கிறான். காலையில் தட்டுகிறான். ஆனால் ஒவ்வொரு மரத்திலும் முதல் தட்டுக்கு முன்னால் தலையை நிறுத்தி, மேலே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறான். யாரும் எதுவும் சொல்வதில்லை. அந்தப் பழக்கம் மட்டும் அவனை விட்டுப் போகவே இல்லை.

இரண்டு காரியங்கள் சேர்ந்தே வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. ஆகவே ஒருவர் மேல் பழி சொல்லுமுன் விழுந்த மரத்தோடு நிற்கிற மரங்களையும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.